குடும்ப எஸ்.யூ.வி.யின் டயர் காற்றழுத்தம்: கதவில் ஓர் எண், டயரில் ஓர் எண், கடையில் ஓர் எண்

ஏழிருக்கை:

அனைவருக்கும் வணக்கம். ஏழு பேர் அமரக்கூடிய எஸ்.யூ.வி. ஒன்றை இரண்டு ஆண்டுகளாக ஓட்டி வருகிறேன். வார நாட்களில் நானும் குழந்தைகள் இருவரும் மட்டுமே செல்வோம். விடுமுறை வந்தால் மாமனார், மாமியார் உட்பட ஏழு பேரும் பெட்டி படுக்கைகளோடு நெடும்பயணம் கிளம்பிவிடுவோம். டயரில் எவ்வளவு காற்று இருக்க வேண்டும் என்ற எளிய கேள்விக்கு எனக்கு இதுவரை மூன்று விடைகள் கிடைத்துவிட்டன. ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில், சாதாரணச் சுமைக்கு முன்னும் பின்னும் 33 பி.எஸ்.ஐ. (ஒரு சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற காற்றழுத்த அளவு) என்றும், முழுச் சுமைக்கு முன்னே 33, பின்னே 38 என்றும் போட்டிருக்கிறது. டயரின் பக்கச்சுவரில் அதிகபட்சம் 51 பி.எஸ்.ஐ. என்று அச்சாகியிருக்கிறது. காற்று அடிக்கும் இடத்திலோ, "பெரிய வண்டி, 40 இருந்தால்தான் தாங்கும்" என்று சொல்லி நான்கிலும் 40 வைத்து அனுப்பினார்கள்.

மறுநாள் காலையில் டேஷ்போர்டைப் பார்த்தால் முன் டயர்கள் இரண்டிலும் 36, பின் வலதில் 36, பின் இடதில் 34 என்று காட்டியது. 40 எங்கே போயிற்று? இவற்றில் நான் எதை நம்புவது?

பட்டறை அனுபவம்:

சகோதரி, கதவுத் தூணில் இருக்கும் ஸ்டிக்கரைத்தான் நம்ப வேண்டும். சில வண்டிகளில் அது எரிபொருள் மூடியின் உட்புறத்தில் இருக்கும். அந்த எண், உங்கள் வண்டியின் எடை, முன் பின் அச்சுகளில் அந்த எடை பகிரப்படும் விதம், பிரேக், சஸ்பென்ஷன், வண்டியோடு வந்த டயரின் அளவு எல்லாவற்றையும் கணக்கில் கொண்டு வண்டித் தயாரிப்பாளர் முடிவு செய்தது. டயரில் இருக்கும் 51 உங்கள் வண்டிக்காக எழுதப்பட்டதன்று. அந்த டயரை எந்த வண்டியில் மாட்டினாலும் இதற்கு மேல் காற்று ஏற்றக்கூடாது என்று டயர் தயாரிப்பாளர் வகுத்த எல்லை அது. அந்த எல்லையை இலக்காக வைத்துக்கொண்டு காற்று ஏற்றினால் டயரின் நடுப்பகுதி மட்டும் சாலையில் படும், நடு டிரெட் (சாலையில் படும் வரிகளுள்ள பகுதி) சீக்கிரம் தேயும், பிரேக் பிடிக்கும்போது பிடிமானம் குறையும், சிறு பள்ளத்தில் இறங்கினால்கூட இடுப்பு வரை அதிரும்.

அடுத்து, 40 எங்கே போயிற்று என்பது. நீங்கள் அந்த இடத்துக்கு எவ்வளவு தூரம் ஓட்டிச் சென்றீர்கள் என்று சொல்லவில்லை. அரை மணி நேரம் ஓட்டியிருந்தால் டயர் சூடாகியிருக்கும், உள்ளே இருக்கும் காற்றும் சூடாகி அழுத்தம் ஏறியிருக்கும். சூட்டில் 40 என்று அளந்தது, இரவு முழுவதும் நின்று ஆறிய பிறகு 36 ஆகத் தெரிந்ததில் வியப்பில்லை. ஸ்டிக்கரில் இருக்கும் எண்கள் எல்லாம் குளிர்ந்த டயருக்கானவை. குளிர்ந்த டயர் என்றால் வண்டி குறைந்தது 3 மணி நேரம் நின்றிருக்க வேண்டும், அல்லது அதன் பிறகு ஒன்றரை கிலோமீட்டருக்கு மேல் ஓடியிருக்கக்கூடாது. காலையில் வண்டியை எடுக்கும் முன், வெயில் படுவதற்கும் முன், அளப்பதே நல்லது. வெயில் படும் பக்கத்து டயர்கள் நிழலில் நிற்கும் டயர்களைவிடக் கூடுதலாகக் காட்டும்.

என் கவலை அந்த 36 பற்றியதன்று, பின் இடது டயரின் 34 பற்றியது. நான்கிலும் ஒரே நேரத்தில் ஒரே அளவு காற்று அடித்த பிறகு ஒன்று மட்டும் 2 குறைந்திருக்கிறது. அதைக் கவனியுங்கள்.

நெடுவழி:

ஒரு சந்தேகம். நான் நெடுஞ்சாலையில் அதிகம் ஓட்டுபவன். காலையில் 33 வைத்துக் கிளம்பினால் இரண்டு மணி நேரத்தில் 38 காட்டுகிறது. வெடித்துவிடுமோ என்ற பயத்தில் வழியில் நிறுத்தி, காற்றை இறக்கி 33க்குக் கொண்டுவந்துவிடுவேன். பல ஆண்டுகளாக இதுதான் என் வழக்கம். இது தவறா?

அளவை ஆசிரியர்:

நெடுவழி நண்பரே, தயவுசெய்து அந்த வழக்கத்தை இன்றே விட்டுவிடுங்கள். ஏன் என்று கணக்கோடு சொல்கிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

டயர் கேஜ், அதாவது காற்றழுத்தம் அளக்கும் கருவி, காட்டுவது வெளிக்காற்றின் அழுத்தத்துக்கு மேல் உள்ளே எவ்வளவு கூடுதலாக இருக்கிறது என்பதை மட்டுமே. கடல் மட்டத்தில் வெளிக்காற்றின் அழுத்தம் 14.7 பி.எஸ்.ஐ. ஆகவே கேஜ் 33 காட்டும்போது உள்ளே இருக்கும் முழு அழுத்தம் 47.7. கொள்ளளவு ஏறக்குறைய மாறாத டயருக்குள் இந்த முழு அழுத்தம் கெல்வின் வெப்பநிலைக்கு (செல்சியஸோடு 273 கூட்டியது) நேர்விகிதத்தில் ஏறும், இறங்கும். காலையில் 30 டிகிரி செல்சியஸில், அதாவது 303 கெல்வினில், 33 இருந்த டயர், ஓட்டத்தில் 60 டிகிரிக்குச் சூடானால் கேஜ் 37.7 காட்டும். நீங்கள் பார்த்த 38 அதுதான். டயரை வடிவமைப்பவர்கள் இந்த ஏற்றத்தை எதிர்பார்த்தே குளிர் அழுத்தத்தை வகுக்கிறார்கள்.

இப்போது நீங்கள் சூட்டில் காற்றை இறக்கி 33 ஆக்கிவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். இரவில் டயர் மீண்டும் 30 டிகிரிக்கு ஆறும்போது அதே கணக்குப்படி 28.7 தான் மிஞ்சும். மறுநாள் காலையில் 29கூட இல்லாத டயரோடு கிளம்புகிறீர்கள். காற்று குறைந்த டயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுழற்சியிலும் அதிகமாக மடங்கி நிமிரும். அந்த மடக்கத்தில்தான் ரப்பர் சூடாகிறது. அதனால் அழுத்தம் மறுபடியும் ஏறும், நீங்கள் மறுபடியும் இறக்குவீர்கள். வெடிக்கும் என்று அஞ்சிச் செய்யும் காரியமே டயரை வெடிப்பை நோக்கித் தள்ளுகிறது. நெடுஞ்சாலையில் டயர் சிதறுவதற்குக் காற்று கூடியதைவிடக் காற்று குறைந்ததும் சுமை மிகுந்ததுமே பெரும்பாலும் காரணமாகின்றன.

பருவம் மாறும்போதும் இதே விதிதான். 30 டிகிரியில் 33 வைத்த டயர், காற்று சிறிதும் கசியாமலேயே, 10 டிகிரிக் குளிரில் 30க்கு இறங்கிவிடும். 5 அல்லது 6 டிகிரிக்கு ஒரு பி.எஸ்.ஐ. என்று நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

பட்டறை அனுபவம்:

ஆசிரியர் சொன்னதற்கு மேல் ஒன்றே ஒன்று. வழியில், டயர் சூடாக இருக்கும்போது, காற்று குறைவு என்று ஐயம் வந்தால் ஆறும் வரை காத்திருக்க முடியாதவர்கள் ஸ்டிக்கர் எண்ணோடு 4 பி.எஸ்.ஐ. கூட்டி வைத்துக்கொண்டு ஊர் போய்ச் சேருங்கள். மறுநாள் காலையில் குளிர்ந்த நிலையில் அளந்து திருத்திக்கொள்ளலாம். ஒரே ஒரு டயர் மற்றவற்றைவிட வெகுவாகக் குறைந்திருந்தால் அது ஓட்டை. அதற்குக் காற்று அடித்து ஓட்டிப் பயனில்லை, பஞ்சர் பார்க்க வேண்டும்.

மறுகேள்வி:

எல்லோரும் ஸ்டிக்கரை இறுதி வாக்காகப் பேசுகிறீர்கள். 1990களிலும் 2000ஆம் ஆண்டிலும் அமெரிக்காவில் ஃபோர்டு எக்ஸ்புளோரர் எஸ்.யூ.வி.களில் டிரெட் பிய்ந்து வண்டிகள் உருண்டு, பலர் உயிரிழந்தனர். டயர் நிறுவனமான ஃபயர்ஸ்டோன் 2000 ஆகஸ்டில் 65 லட்சம் டயர்களைத் திரும்பப் பெற்றது. அந்த வண்டிக்கு ஃபோர்டு பரிந்துரைத்த அழுத்தம் 26 பி.எஸ்.ஐ. தான். டயர் நிறுவனம் 30 வேண்டும் என்றது. தயாரிப்பாளர் சொன்ன எண்ணே போதாமல் போகலாம் என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

அளவை ஆசிரியர்:

நியாயமான கேள்வி, நன்றி. அந்த விபத்துகளுக்கு டயரின் தயாரிப்பும், வண்டியின் உயரமும், வெப்பமும், வேகமும், சுமையும் காரணமாகப் பேசப்பட்டன. அழுத்தம் அவற்றில் ஒன்று. அந்த எண்ணிலிருந்து நான் எடுத்துக்கொள்ளும் பாடம் வேறு. 26 என்று வகுத்த இடத்தில் மாதம் ஒன்றிரண்டு பி.எஸ்.ஐ. இயல்பாகவே கசிந்து, யாரும் அளக்காமல் 22க்கோ 20க்கோ போய்விட்டால், முழுச் சுமை ஏற்றிய உயரமான வண்டிக்குப் பாதுகாப்பாக இன்னும் குறைய இடமே இல்லை. எனவே ஸ்டிக்கர் எண்ணைக் குறைந்தபட்ச அளவு என்று கொள்ளுங்கள். அதற்குக் கீழே ஒருபோதும் இறங்கக்கூடாது. அதற்கு மேல் 2 பி.எஸ்.ஐ. வைத்துக்கொண்டு, மாதாமாதம் கசிவதற்கு இடம் விடுவது தவறன்று. நான் என் வண்டியில் அப்படித்தான் வைக்கிறேன். 40 வைப்பது வேறு, 35 வைப்பது வேறு.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்த நிகழ்வுகளையொட்டி 2000 நவம்பரில் இயற்றப்பட்ட சட்டத்தின் விளைவாகத்தான் அமெரிக்காவில் எல்லாப் புதிய இலகு ரக வண்டிகளிலும் டயர் அழுத்த எச்சரிக்கை அமைப்பு கட்டாயமாயிற்று.

விளக்கு எரியட்டும்:

அந்த எச்சரிக்கை அமைப்பு என் வண்டியிலும் இருக்கிறது. மஞ்சள் விளக்கு எரிந்தால் காற்று அடிப்பேன், எரியாவிட்டால் அந்தப் பக்கமே போகமாட்டேன். அமைப்பு வேலை செய்யும்போது கையால் அளப்பது வீண் வேலை இல்லையா?

பட்டறை அனுபவம்:

வீண் வேலை இல்லை. அமெரிக்க விதிப்படி, பரிந்துரைத்த அழுத்தத்தில் 25 விழுக்காடு குறைந்தால்தான் அந்த விளக்கு எரிய வேண்டும். 33க்கு 25 விழுக்காடு குறைந்தால் ஏறக்குறைய 25. அதாவது 27 இல் நீங்கள் குழந்தைகளோடு நெடுஞ்சாலையில் போய்க்கொண்டிருக்கலாம், விளக்கு அமைதியாக இருக்கும். வேறு இடங்களின் விதிகள் இதைவிடக் கண்டிப்பாக இருக்கக்கூடும், ஆனாலும் விளக்கு என்பது கடைசி எச்சரிக்கைதான்.

உங்கள் வண்டியில் எந்த வகை அமைப்பு என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். டேஷ்போர்டில் ஒவ்வொரு டயருக்கும் தனித்தனி எண் காட்டினால் சக்கரத்துக்குள்ளேயே சென்சார் இருக்கிறது என்று பொருள். அதன் பேட்டரி சில ஆண்டுகளில் தீரும். எண்ணே காட்டாமல் விளக்கு மட்டும் எரியும் வண்டிகள் பலவற்றில் அழுத்தத்தை அளக்கும் சென்சாரே கிடையாது. ஏ.பி.எஸ். (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) பிரேக்குக்காக இருக்கும் சக்கர வேக உணரிகளை வைத்து, காற்று குறைந்த டயர் சற்றுச் சிறுத்து வேகமாகச் சுற்றுவதைக் கண்டுபிடிக்கும் முறை அது. நான்கு டயர்களும் சேர்ந்தாற்போல் மெல்ல மெல்லக் குறைந்தால் அந்த முறை ஏமாறக்கூடும். காற்றைச் சரிசெய்த பிறகு ரீசெட் பொத்தானை அழுத்தி, "இதுதான் சரியான அளவு" என்று அதற்குச் சொல்லித்தர வேண்டும். குறைந்த காற்றோடு ரீசெட் செய்தால் அந்தக் குறைவையே சரியென்று எடுத்துக்கொள்ளும். இதை அறியாமல், விளக்கை அணைப்பதற்காகவே ரீசெட் அழுத்திக்கொண்டு வந்தவர்களின் டயர்களைக் கழற்றிப் பார்த்திருக்கிறேன். இரு ஓரங்களும் வழவழவென்று தேய்ந்து, நடுவில் மட்டும் கோடுகள் புதிதுபோல் இருக்கும். உட்புறத்தில் கை விட்டால், மடங்கி மடங்கி உரசிய பக்கச்சுவரிலிருந்து கரித்தூள்போல் ரப்பர் பொடி விரலில் ஒட்டும். அந்த டயரைப் பஞ்சர் ஒட்டிக்கூடப் பயன்படுத்தக்கூடாது.

மலையேறி:

ஏழிருக்கை அவர்கள் குடும்பத்தோடு நெடும்பயணம் போவதாகச் சொன்னதால் கேட்கிறேன். மலைப்பகுதிக்குப் போகும்போது உயரத்தினால் டயர் அழுத்தம் மாறும் என்கிறார்களே, மேலே போனதும் இறக்க வேண்டுமா?

அளவை ஆசிரியர்:

வேண்டாம். 2000 மீட்டர் உயரத்தில் வெளிக்காற்றின் அழுத்தம் ஏறத்தாழ 11.5 பி.எஸ்.ஐ. தான். வெளியே 3 குறைந்ததால் கேஜ் 3 கூடுதலாகக் காட்டும். ஆனால் மேலே குளிர். அடிவாரத்தைவிட 13 டிகிரி குறைந்திருந்தால் அதனால் 2 பி.எஸ்.ஐ. இறங்கிவிடும். மிஞ்சும் வேறுபாடு ஒன்றுதான். அதை நம்பி மேலே இறக்கிவிட்டு வந்தால், கீழிறங்கும் நீண்ட வளைவுகளில், பிரேக்கும் டயரும் அதிகம் உழைக்கும் இடத்தில், காற்று குறைவோடு வருவீர்கள்.

அகலச் சக்கரம்:

நான் டயர்களை மாற்றும்போது கூடுதல் சுமை தாங்கும் எக்ஸ்.எல். வகை போட்டேன். வலுவான டயர் என்பதால் ஸ்டிக்கரில் இருப்பதைவிடக் குறைவாக வைத்தால் சொகுசாக இருக்கும் என்று கடையில் சொன்னார்கள்.

பட்டறை அனுபவம்:

சுமையைத் தாங்குவது ரப்பரன்று, உள்ளே இருக்கும் காற்று. டயரில் 235/60 ஆர்18 103ஹெச் என்று இருந்தால் அந்த 103 சுமைக் குறியீடு, ஒரு டயருக்கு 875 கிலோ என்று பொருள். 107 என்றால் 975 கிலோ. ஆனால் சாதாரண டயர் தன் முழுச் சுமையை 36 பி.எஸ்.ஐ. அளவில் தாங்கிவிடும். எக்ஸ்.எல். டயருக்கு அதன் முழுச் சுமைக்கு 42 வேண்டும். 36 இல் வைத்தால் எக்ஸ்.எல். டயர் சாதாரண டயரைவிடக் கூடுதலாக எதையும் தாங்காது. ஆகவே குறைக்க வேண்டாம், ஸ்டிக்கர் எண்ணிலேயே வையுங்கள். டயரின் அளவையே மாற்றியிருந்தால் அந்த டயரின் சுமை அட்டவணையைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

நைட்ரஜன் பற்றியும் யாராவது கேட்பீர்கள் என்பதால் இப்போதே சொல்லிவிடுகிறேன். சாதாரணக் காற்றிலேயே 78 விழுக்காடு நைட்ரஜன்தான். தூய நைட்ரஜன் சற்று மெதுவாகக் கசியும், ஈரம் இருக்காது. அவ்வளவே. வெப்பத்தில் அதுவும் ஏறும், குளிரில் அதுவும் இறங்கும். அதை நிரப்பிவிட்டு ஆறு மாதம் அளக்காமல் இருப்பதைவிட, சாதாரணக் காற்றை நிரப்பி மாதம் ஒருமுறை அளப்பது எவ்வளவோ மேல்.

ஏழிருக்கை:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. கையால் அளப்பது வீண் வேலை இல்லை என்று நீங்கள் சொன்னதால் ஒரு டயர் கேஜ் வாங்கிவிட்டேன். ஞாயிறு காலை ஆறு மணிக்கு, வண்டியை நகர்த்தாமல், நான்கையும் அளந்தேன். முதல் டயரில் கேஜை நேராக அழுத்தாததால் உஸ்ஸென்று காற்று வெளியேறி 20 என்று காட்டியது. மனம் பதறிவிட்டது. பிறகு வால்வின்மேல் நேராக வைத்துச் சட்டென்று அழுத்தியதும் சத்தம் நின்றது, முள் 36க்கு ஏறியது. மூன்று முறை அளந்தும் அதேதான். முன் டயர்களிலும் பின் வலதிலும் சிறிது சிறிதாக இறக்கி 34 வைத்தேன். பின் இடது 32க்கு வந்துவிட்டிருந்தது. அதையும் 34க்கு ஏற்றினேன். மூன்று நாள் கழித்துப் பார்த்தால் மற்றவை அப்படியே இருக்க, அது மட்டும் மீண்டும் 33. டிரெட்டில் ஆணி எதுவும் கண்ணில் படவில்லை.

பட்டறை அனுபவம்:

சோப்பு நீரைக் கெட்டியாகக் கலக்கி, வால்வு மூடியைக் கழற்றிவிட்டு வால்வின் வாயில் இரண்டு சொட்டு விடுங்கள். பழைய ஆட்கள் எச்சில் தொட்டு வைத்துப் பார்ப்பது இதற்காகத்தான். ஒரு நிமிடம் கண்ணெடுக்காமல் பாருங்கள். பிறகு வால்வின் அடியிலும், ரிம்மும் டயரும் சேரும் விளிம்பு முழுவதிலும் தடவுங்கள். அலாய் வீல்களில் அந்த விளிம்பு அரித்துப்போய்க் கசிவது உண்டு. டயரை அரைச் சுற்று நகர்த்தி டிரெட்டின் மறுபாதியையும் பார்க்க வேண்டும்.

ஏழிருக்கை:

வால்வின் வாயில்தான். சொட்டு விட்டதும் எதுவும் தெரியவில்லை. எழுந்துவிடலாம் என்று நினைத்த நேரத்தில் கடுகளவு குமிழி ஒன்று எழும்பி, மெல்லப் பெருத்து, மிளகளவாகி உடைந்தது. உடனே இன்னொன்று. என் மகள் கைப்பேசியில் நேரம் பார்த்து, ஒரு குமிழிக்கு 40 வினாடி என்றாள். பட்டறையில் வால்வின் உள் ஊசியை மாற்றினார்கள், ஐந்து நிமிட வேலை. இன்றோடு மூன்று வாரம் ஆகிறது. இன்று காலை நான்கும் 34. ஸ்டெப்னியையும் அளந்தேன், 21 தான் இருந்தது. அது மற்றவற்றைப் போலவே முழு அளவு டயர் என்பதால், எங்கே மாட்ட நேர்ந்தாலும் உதவட்டும் என்று 38 வைத்துவிட்டேன்.

அடுத்த வாரம் ஏழு பேரும் மூன்று நாள் பயணம் போகிறோம். பின் டயர்களுக்கு 38 எப்போது வைப்பது, எப்போது திரும்ப இறக்குவது?

பட்டறை அனுபவம்:

ஸ்டெப்னியில் நீங்கள் செய்தது சரி. மெலிந்த தற்காலிக ஸ்டெப்னி வைத்திருப்பவர்கள் அதன் பக்கச்சுவரைப் பார்க்க வேண்டும், பெரும்பாலும் 60 பி.எஸ்.ஐ. கேட்கும்.

கிளம்பும் நாள் காலையில், டயர் குளிர்ந்திருக்கும்போதே, பின் இரண்டிலும் 38 வைத்துவிடுங்கள். பெட்டி ஏற்றிய பிறகு வைத்தாலும் கேஜில் வேறுபாடு தெரியாது. அதே ஸ்டிக்கரிலோ வண்டியின் கையேட்டிலோ ஆட்களும் பொருட்களும் சேர்த்து எத்தனை கிலோ வரை ஏற்றலாம் என்றும் எழுதியிருக்கும். ஏழு பேர் அமர்ந்த பிறகு பெட்டிகளுக்கு எஞ்சும் எடை நீங்கள் நினைப்பதைவிடக் குறைவாக இருக்கும். கூரையில் கட்டுவதும் அந்தக் கணக்கில்தான் சேரும். காற்றைக் கூட்டி அந்த வரம்பை மீற முடியாது. வழியில் 42, 43 என்று காட்டினால் கைவைக்க வேண்டாம். திரும்பி வந்து, சுமையை இறக்கி, இரவு முழுவதும் நின்ற பிறகு, மறுநாள் காலையில் மீண்டும் 34க்குக் கொண்டுவாருங்கள்.